ஆங்கிலேயர் ஆட்சியில் கல்விக் கொள்கையும் தமிழக முஸ்லிம்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

நம் சமுதாயம் கல்வியில் பின்தங்கியது ஏன் என்னும் கேள்வி மேடைகளில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. விடையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆங்கிலம் படிப்பது கூடாது என்று நம் முன்னோர் ஒதுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்." இந்த விடையில் உண்மை சிறிது உண்டு, முழு உண்மை இல்லை. ஆங்கிலேயரின் கல்விக் கொள்கை எந்தெந்தக் கட்டங்களில் எப்படி மாறிற்று, அம்மாற்றங்கள் வங்காளத்து முஸ்லிம்களை எப்படிப் பாதித்தன, சோழமண்டலக் கரையில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களை எப்படிப் பாதித்தன என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த நம் காரைக்கால் இவ்வரலாற்றில் தனியொரு சான்றாக நிற்கிறது. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைப் பள்ளியும் மக்தபும்

கிழக்கிந்தியக் கும்பினியார் தொடக்கத்தில் கல்வியைத் தம் கடமையாகக் கருதவில்லை. 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவில் ஒரு மதரஸாவை நிறுவினார். ஷரீஅத் சட்டமும் பார்சி மொழியும் அறிந்த அலுவலர்கள் நீதிமன்றங்களுக்குத் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். 1813ஆம் ஆண்டின் சாசனச் சட்டம்தான் முதன்முதலாக ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாயைக் கல்விக்கென ஒதுக்கச் சொன்னது. அத்தொகையை எந்தக் கல்விக்குச் செலவிடுவது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காக இருந்தது.

இதற்கிடையே சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ ஓர் அரிய காரியத்தைச் செய்தார். 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனைப் பள்ளிகள் உள்ளன, அவற்றில் எந்தெந்தச் சமூகத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். அக்கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி! அவற்றில் படித்தவர் தொகை 1,88,000க்கும் மேல். வீடுகளிலேயே ஆசிரியரை வைத்துப் படித்தவர்கள் இக்கணக்கில் அடங்கவில்லை. சென்னை நகரில் மட்டும் வீட்டில் பயின்றோர் பள்ளியில் பயின்றோரைப் போலப் பன்மடங்கு இருந்தனர் என்று மன்றோவே குறிப்பிடுகிறார்.

நமக்கு அண்டையிலிருந்த தஞ்சை மாவட்டத்தில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விச் சாலைகளும் இருந்ததாக அன்றைய கலெக்டரின் அறிக்கை கூறுகிறது. நாகூரும் நாகப்பட்டினமும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. வாஞ்சூர் எல்லையோடு ஆங்கிலேயரின் கணக்கு நின்றுவிட்டது. எல்லைக்கு இப்பால் இருந்த காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது.

இக்கணக்கில் நம் கருத்தைக் கவரும் செய்தி மலபாரிலிருந்து வந்தது. அங்கே பள்ளி சென்ற முஸ்லிம் ஆண்பிள்ளைகள் 3,196; பெண்பிள்ளைகள் 1,122. அதாவது மூன்று ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பெண்பிள்ளை என்ற விகிதத்திற்கும் மேல். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாகாணத்தின் பிற பகுதிகளில், எந்தச் சமூகத்திலும், பள்ளிக்குச் சென்ற பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. முஸ்லிம் பெண்களுக்குப் படிப்பு புதிதாக வந்தது என்று எண்ணுவோர் இந்த எண்ணிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். இவ்வறிக்கைகளை ஆவணக் காப்பகங்களிலிருந்து திரட்டி 1983இல் நூலாக வெளியிட்டவர் தரம்பால் என்னும் காந்தியவாதி ஆவார்.

மன்றோ கணக்கெடுத்ததோடு நிற்கவில்லை. இருபது கலெக்டர் பகுதிகளிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என நாற்பது பெரிய பள்ளிகளும், தாசில்தாரி தோறும் ஒன்றாக முந்நூறு சிறிய பள்ளிகளும் திறக்கத் திட்டமிட்டார். பெரிய பள்ளியின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், சிறிய பள்ளியின் ஆசிரியருக்கு 9 ரூபாயும் சம்பளம். ஆனால் 1827 ஜூலையில் மன்றோ காலரா நோயால் மரணமடைந்தார். திட்டம் அரைகுறையாக நடந்து, 1830களில் கைவிடப்பட்டது. மக்களிடம் ஏற்கனவே இருந்த பள்ளிகளை அடிப்படையாக வைத்து மேலே கட்ட முனைந்த ஒரு முயற்சி இவ்வாறு முடிந்தது.

1835: திசை மாறிய ஆண்டு

1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே பிரபு தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். அரபியும் சமஸ்கிருதமும் கற்பிக்கும் நிறுவனங்களுக்கு அரசுப் பணம் செலவிடுவது வீண், ஆங்கில வழியில் ஐரோப்பியக் கல்வியே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய வாதம். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு மார்ச் 7ஆம் நாள் அதை ஏற்றுத் தீர்மானம் பிறப்பித்தார். 1837இல் நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பார்சி மொழி கைவிடப்பட்டது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசுப் பணிகளில் ஆங்கிலம் படித்தோருக்கே முன்னுரிமை என்று அறிவித்தார்.

ஒன்பதே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மூன்று மாற்றங்களின் விளைவை வங்காளத்திலும் வட இந்தியாவிலும் எளிதில் காணலாம். தலைமுறை தலைமுறையாகப் பார்சி மொழி கற்று முன்ஷியாகவும், காஜியாகவும், வக்கீலாகவும் வாழ்ந்த குடும்பங்களின் கல்வி ஒரு தலைமுறைக்குள் விலைபோகாச் சரக்காயிற்று. அவர்கள் அறிவில் குறைந்துவிடவில்லை. அவர்கள் கற்றிருந்த கல்விக்கும் பிழைப்புக்கும் இடையே இருந்த பாலம் உடைக்கப்பட்டது.

ஆங்கிலப் பள்ளிகளைக் கண்டு முஸ்லிம்கள் அஞ்சியதும் உண்மை. அந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கை அன்று. அக்காலத்தில் நல்ல ஆங்கிலப் பள்ளிகளில் பல மிஷனரிகள் நடத்தியவை. பைபிள் பாடம் அங்கே கட்டாயம். 1846இல் சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளிலேயே பைபிளைப் பாடமாக வைக்கப் பரிந்துரை செய்தார். லண்டனிலிருந்த இயக்குநர்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள் என்றாலும், அப்படி ஒரு பரிந்துரை ஆளுநரிடமிருந்தே எழுந்தது என்பது பெற்றோரின் ஐயத்திற்குப் போதுமான காரணமாக இருந்தது. இந்து சமூகத்தாரிடமும் இதே ஐயம் இருந்தது. ஆனால் அவர்களில் ஒரு சாரார் தாமே பள்ளிகளைத் தொடங்கி ஆங்கிலக் கல்வியைத் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தனர். நம்மவர் அவ்வாறு செய்ய மேலும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆயின. தாமதம் நேர்ந்த இடம் இதுவே.

ஒரு வக்ஃபின் கதை

பள்ளிவாசல் நிர்வாகத்தோடு தொடர்புடைய நம் போன்றோர் அறிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். வங்காளத்தில் ஹூக்ளியைச் சேர்ந்த ஹாஜி முஹம்மது முஹ்சின் என்னும் பெரும் தனவந்தர், 1806இல் தம் சொத்துக்களை மார்க்கப் பணிகளுக்காக வக்ஃபு செய்து, 1812இல் காலமானார். முத்தவல்லிகளின் நிர்வாகத்தில் முறைகேடுகள் எழுந்தமையால் அரசு அவ்வக்ஃபைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சேர்ந்திருந்த பெருந்தொகையைக் கொண்டு 1836இல் ஹூக்ளியில் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அதன் ஆங்கிலப் பிரிவில் படித்த முஸ்லிம்கள் மிகச் சொற்பம். ஒரு முஸ்லிமின் வக்ஃபுப் பணத்தில் நடந்த கல்லூரி முஸ்லிம்களுக்குப் பயன்படாமல் போனது குறித்துப் பல்லாண்டுகள் முறையீடுகள் எழுந்தன. டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1871இல் இந்திய முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலிலும் இதனைச் சுட்டிக்காட்டினார். 1873இல்தான் அந்நிதி முஸ்லிம் மாணவர்களின் கட்டணச் சலுகைக்கும், உதவித்தொகைக்கும், மதரஸாக்களுக்கும் திருப்பிவிடப்பட்டது.

இதில் அரசின் தவறும் உண்டு. முத்தவல்லிகளின் தவறும் உண்டு. கணக்கு நேராக இருந்திருந்தால் அரசு கைவைக்க வழியே இருந்திராது. முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் தம் சொந்த வக்ஃபின் பயனை இழந்தார்கள்.

ஹண்டர் குழுவும் இந்துஸ்தானி மொழியும்

1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை புதிய அமைப்பை உருவாக்கியது. மாகாணந்தோறும் கல்வித் துறை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம், பல்கலைக்கழகங்கள் ஆகியவை அதன் விளைவுகள். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மானிய முறை நம் கவனத்திற்குரியது. முதலில் ஒரு சமுதாயம் தானாகப் பள்ளி தொடங்கிக் கட்டடமும் ஆசிரியரும் ஏற்படுத்தினால்தான் அரசு உதவும் என்பதே அதன் விதி. சங்கமும் நிதியும் உடையவர்கள் அதனால் வளர்ந்தார்கள். இல்லாதவர்கள் மேலும் பின்தங்கினார்கள்.

1870களின் தொடக்கத்தில் சென்னை மாகாண மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. கல்வித் துறையின் பள்ளிகளில் அவர்கள் 4.4 விழுக்காடு. வங்காளத்தில் நிலைமை இதைவிட மிக மோசம்: மக்கள்தொகையில் 32 விழுக்காட்டினர் பள்ளிகளில் 14 விழுக்காடே இருந்தனர். ஆகவே 1871இல் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம் கல்விக்குத் தனிக் கவனம் செலுத்தும்படி மாகாணங்களைக் கேட்டுக்கொண்டது. அதையொட்டிச் சென்னை அரசு 1872இல், முஸ்லிம்கள் மிகுந்த ஊர்களில் தொடக்கப் பள்ளிகளும் வகுப்புகளும் திறக்க உத்தரவிட்டது. பயிற்று மொழி இந்துஸ்தானி, அதாவது உருது.

இங்கேதான் தமிழ் முஸ்லிம்களின் தனிச் சிக்கல் தொடங்குகிறது. சென்னை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் உருது பேசும் முஸ்லிம்கள் இருந்தனர். அவர்களுக்கு அத்திட்டம் பொருந்தும். ஆனால் நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய கரையோர ஊர்களில் வாழ்ந்த மரைக்காயர்களும், லெப்பைகளும், உள்நாட்டு ராவுத்தர்களும் வீட்டிலும் கடையிலும் தமிழே பேசினர். அவர்களுக்கு மார்க்க மொழி அரபி. இலக்கிய மொழி தமிழ். இரண்டையும் இணைத்த எழுத்து அரபுத்தமிழ். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டுப் பெரும்புலவராக விளங்கிய காலம் அது. அத்தகைய சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு அரசு திறந்த "முஸ்லிம் பள்ளி" அந்நிய மொழியில் நடந்தது. வங்காளத்தையும் வட இந்தியாவையும் மனத்தில் வைத்து வகுத்த கொள்கை, தமிழ்க் கரைக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டையாயிற்று.

1882இல் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழு, முஸ்லிம் கல்விக்கென 17 பரிந்துரைகளை வழங்கியது. அவற்றுள் சில: முஸ்லிம் கல்வியை ஊக்குவிப்பது பொது நிதியின் நியாயமான செலவாகும், மக்தபுகள் உலகப் பாடங்களையும் சேர்த்துக் கற்பிக்கத் தாராளமாக உதவ வேண்டும், தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை உதவித்தொகை வேண்டும், கட்டணமில்லா இடங்கள் ஒரு விகிதம் ஒதுக்கப்பட வேண்டும், முஸ்லிம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், முஸ்லிம் கல்விச் சங்கங்களை ஊக்குவிக்க வேண்டும்.

பயிற்று மொழி பற்றிய பரிந்துரையில் ஒரு நுட்பம் உண்டு. இந்துஸ்தானியே முதன்மை மொழியாக இருக்கட்டும். ஆனால் அவ்வூர் முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் அம்மொழியே இருக்கலாம் என்பது அது. அதாவது கதவு மூடப்படவில்லை. ஆயினும் அக்கதவைத் தட்டிக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும். 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் தோன்றியபோதும், மாகாண முஸ்லிம்களின் பிரதிநிதிகளாக அரசு கருதியவர்களில் பெரும்பாலோர் உருது பேசும் குடும்பத்தாரே. கடலோரத்துச் செல்வந்தர்கள் ஊருக்கு ஊர் பள்ளிவாசல் கட்டினார்கள்; இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்தார்கள்; கல்விக் கொள்கை வகுக்கப்பட்ட அவைகளில் அவர்களின் குரல் குறைவாகவே ஒலித்தது.

கரையோரத்தின் மறுமொழி

அதற்காகத் தமிழ் முஸ்லிம்கள் கல்வியின்றி இருந்தார்கள் என்று கருதலாகாது. கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றழைக்கப்பட்ட செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள் அரூஸிய்யா மதரஸாவைச் சிறப்புற நடத்தி, பாமரரும் பெண்களும் படித்துப் பயன்பெறும் வகையில் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினார்கள். வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி தென்னாடெங்கும் ஆலிம்களை உருவாக்கி அனுப்பியது. கல்வித் துறையின் பதிவேட்டில் இடம்பெறாவிட்டாலும், அரபுத்தமிழில் ஓதவும் எழுதவும் தெரிந்த ஆண்களும் பெண்களும் கரையோர ஊர்களில் ஏராளமாக இருந்தனர். கடிதப் போக்குவரத்தும் கணக்கும் அவ்வெழுத்தில் நடந்தன. ஆனால் அரசும் அச்சுலகமும் அவ்வெழுத்தை அறியா. எனவே அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர்கள் எழுத்தறிவற்றவர்களாயினர். மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று ஒன்றையொன்று பாராத இரண்டு பாதைகள் ஏற்பட்டதும் இக்காலத்திலேதான்.

இவ்விரு பாதைகளையும் இணைக்க முதலில் பெரிதும் பாடுபட்டவர் இலங்கைக் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் எம். சி. சித்தி லெப்பை ஆவார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி, ஆங்கிலமும் தமிழும் அரபியும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளிகள் வேண்டும் என்று எழுதினார். பெண்பிள்ளைகளுக்கும் கண்டியில் பள்ளி திறந்தார். எகிப்திலிருந்து ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் துணை நிற்க, 1892இல் கொழும்பு மருதானையில் உருவான பள்ளியே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. நம் கரையோர வணிகர்களுக்குக் கொழும்பு மறுவீடு போன்றது. அங்கே நடந்தவற்றை அவர்கள் நேரில் கண்டார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் நாச்சியார்கோயிலைச் சேர்ந்த பா. தாவூத்ஷா (1885–1969), உ. வே. சாமிநாதையரிடம் தமிழ் பயின்று, பி.ஏ. பட்டமும் பெற்றவர். அரசுப் பணியைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தினார். மார்க்கக் கருத்துக்களில் அவரோடு உலமாக்கள் பலர் முரண்பட்டனர். ஆயினும் நல்ல தமிழில் முஸ்லிம்கள் எழுதவும் படிக்கவும், பெண்கள் கல்வி பெறவும் அவர் எழுதியவை ஒரு தலைமுறையை விழிக்கச் செய்தன என்பதை எவரும் மறுப்பதில்லை.

பின்னர் நிறுவனங்கள் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. விடுதலைக்குப் பின் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அதே 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீது அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றும் உருவாயிற்று. உட் அறிக்கைக்கும் இக்கல்லூரிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. வணிகப் பெருமக்களின் கொடையும் கல்வியாளரின் திட்டமும் ஒன்றுசேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

எல்லைக்கு இப்பால்: காரைக்கால்

இனி நம் ஊருக்கு வருவோம். 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், போர்களின்போது பலமுறை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1793 முதல் ஆங்கிலேயர் வசமிருந்து, நெப்போலியனின் போர்கள் முடிந்தபின் 1817இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. ஆகவே மன்றோவின் கணக்கெடுப்போ, மெக்காலேயின் குறிப்போ, ஹண்டரின் பரிந்துரைகளோ நம் ஊரை நேராகத் தொடவில்லை.

பிரெஞ்சு அரசு 1819ஆம் ஆண்டின் ஆணையின் மூலம் பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே அமுல்படுத்தியபோதே, இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் வழக்கப்படியும் சட்டப்படியும் நீதி பெறலாம் என்று உறுதியளித்தது. 1881இல் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்புவோருக்கு வழி திறக்கப்பட்டபோது, முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷரீஅத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கல்வியைப் பொறுத்தமட்டில், 1826இல் புதுச்சேரியில் அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. காலப்போக்கில் செர்த்திபிகா, பிரவே போன்ற தேர்வுகளும் வந்தன. பிரெஞ்சு படித்தோர் சைகோன் முதலான இந்தோசீன நகரங்களில் அரசு வேலை பெற்றனர். நம் முஸ்லிம்கள் பெரும்பாலும் வணிகராகவே அங்கே சென்றனர். சைகோன் நகரின் நடுவே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அவ்வாழ்வின் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படியும் நிறைவேறியது. ஆட்சி மாறியதும் என்ன நேர்ந்தது? அதுவரை மதிப்புப் பெற்றிருந்த பிரெஞ்சுப் படிப்புக்கு உள்ளூரில் இருந்த தேவை சுருங்கியது. ஆங்கிலமும் தமிழும் அதன் இடத்தைப் பிடித்தன. 1837இல் வங்காளத்து முன்ஷிக்குப் பார்சி மொழியால் நேர்ந்த கதி, சற்று மென்மையான வடிவில், இங்கே பிரெஞ்சு படித்தவருக்கும் நேர்ந்தது. நிலைபெற்றிருந்த அரபுத்தமிழும் அதே காலத்தில் மெல்ல மெல்ல மறைந்தது. பிரெஞ்சுக் கொள்கையும் ஆங்கிலக் கொள்கையும் வெவ்வேறாயினும், இவ்வகையில் விளைவு ஒன்றாயிற்று.

ஆட்சியோடு வரும் மொழி ஆட்சியோடு போய்விடும் என்று இதிலிருந்து முடிவு கட்டவும் இயலாது. ஆங்கிலம் ஆட்சி போனபின்னும் நின்றது. இன்று முன்னிலும் வலுத்துள்ளது. ஆகவே எந்த மொழி நிலைக்கும், எது மறையும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. ஒரு மொழியையே, ஒரு வகைச் சான்றிதழையே முழுக்க நம்பியிருப்பதும் ஆபத்து. பிழைப்புக்கு வேண்டிய மொழியை வெறுத்து ஒதுக்குவதும் ஆபத்து. தாய்மொழியில் ஆழமும், மார்க்க மொழியில் பற்றும், உலக மொழியில் தேர்ச்சியும் ஒருங்கே உடைய பிள்ளையை எந்த ஆட்சி மாற்றமும் அசைக்காது. சித்தி லெப்பை கண்ட கனவு அதுவே.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது: அரசின் கொள்கையில் சில கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும். உதவித்தொகை, ஒதுக்கீடு, சிறுபான்மை நிறுவன உரிமை ஆகியவை இன்றைய கதவுகள். கேட்க ஆளில்லாத இடத்தில் உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது என்பதை 1882இன் மொழிப் பரிந்துரை காட்டுகிறது.

இரண்டாவது: வக்ஃபின் கணக்கு. ஹூக்ளி வக்ஃபின் கதையை ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் நினைவில் இருத்த வேண்டும். ஒழுங்கான கணக்கே சமுதாயச் சொத்தின் காவல்.

மூன்றாவது: பெண் கல்வி. அண்மை மஹல்லாக்களிலிருந்து அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரிக்கும், அவ்வையார் அரசு மகளிர் கல்லூரிக்கும் நம் பிள்ளைகள் செல்வதைக் காண்கிறோம். இது புதுமை அன்று. மலபாரின் அந்த 1,122 பெண்பிள்ளைகளின் தொடர்ச்சியே.

நான்காவதாக ஒன்றைச் சொல்லி நிறைவு செய்கிறேன். ஹண்டர் குழுவின் 17 பரிந்துரைகளில் ஒன்று, கல்வித் துறையின் ஆண்டறிக்கைதோறும் முஸ்லிம் கல்விக்கெனத் தனிப் பகுதி ஒன்று இடம்பெற வேண்டும் என்பதாகும். எண்ணிப் பார்க்கப்படாத குறை தீர்க்கப்படாது என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவு இருக்கிறது; நிக்காஹ், ஜனாஸா விவரங்கள் இருக்கின்றன. நம் மஹல்லாவில் பள்ளி செல்லும் ஆண்பிள்ளைகள் எத்தனை, பெண்பிள்ளைகள் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை, கல்லூரியில் பயில்வோர் எத்தனை, உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர் எத்தனை என்று ஒரே ஒரு பக்கம் ஆண்டுதோறும் சேர்க்கப்படுமானால், அது பெரும் செலவில்லாத பெரும் பணியாகும். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களையும், அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் கரையான் அரிக்குமுன் எடுத்துக் காப்பதும் அதனோடு சேர்ந்த கடமை. அடுத்த தலைமுறை தன் வரலாற்றை எழுத முனையும்போது வேறெவருடைய காப்பகத்தையும் நாடாமல் நம் ஜமாஅத்தின் ஏட்டையே புரட்டட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதற்காக உழைக்கும் மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.